இருநூற்று நாற்பது வெள்ளி வாசம்

எங்கள் லயத்தில் அடி விழாத வீடு என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. மலேசியாவில் அசாம் ஜாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம் அது. எண்பதுகளின் தொடக்கம். சம்பளம் போட்ட மறுநாள் சாயங்காலம் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சட்டி உருளும், கதவு அறையும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர்தான். யார் யாரை எதால் அடிக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். பெல்ட்டுக்கு ஒரு சத்தம், விறகுக் கட்டைக்கு ஒரு சத்தம். எங்கள் வீட்டில் இருந்தது ரப்பர் குழாய். மோட்டார் சைக்கிள் கழுவுவதற்கென்று வாங்கியது.

என் கணவன் குலை வெட்டுகிறவன். நீளமான கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, தலைக்கு மேலே தொங்கும் செம்பனைக் குலையை இழுத்துத் தள்ளும் வேலை. தோளும் கையும் அந்த வேலைக்கு ஏற்றபடி முறுக்கேறி இருக்கும். பேச்சில் அவனை ‘அவரு’ என்றுதான் சொல்லிவந்தேன். எழுத உட்கார்ந்தால் அந்த ‘ரு’ வரமாட்டேன் என்கிறது. அவன் என்றே எழுதுகிறேன்.

நான் தோட்டத்தில் வேலை செய்யவில்லை. கோலசிலாங்கூர் ஆற்றோரத்தில் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், இறால் கொட்டகையில் இறால் உரித்தேன். தகரம் அடித்த மேசையைச் சுற்றிக் குட்டி முக்காலி போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்போம். தலையைத் திருகி எறிய வேண்டும், ஓட்டை உரிக்க வேண்டும், சின்னக் கத்தியால் முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழுக்க வேண்டும். இறாலின் தலை முள் குத்தாத விரலே கிடையாது. குத்திய புண்ணோடு ஐஸ் தண்ணீரில் கைவிட்டால் கண்ணில் தண்ணீர் வரும். கொட்டகையின் பின்பக்கம் ஓர் அண்டா எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். பொடி இறாலை அதில் வேகவைத்துக் காயப்போடுவார்கள்.

அந்த நாற்றம் தோலில் ஏறினால் இறங்காது. எலுமிச்சை தேய்த்திருக்கிறேன், புளி தேய்த்திருக்கிறேன், ஒருமுறை மண்ணெண்ணெய்கூட. நகத்துக்கும் சதைக்கும் நடுவில் அது குடியிருந்தது. பஸ்ஸில் நான் உட்கார்ந்த இருக்கையில் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். கண்டக்டர் பின்கதவை ஒட்டி நிற்கச் சொல்வான்.

வீட்டில் அதைவிட மோசம். “செத்த மீனு கூடப் படுத்த மாதிரி இருக்கு, தள்ளிப் போடி” என்று பாயிலிருந்து உதைத்துத் தள்ளுவான். அப்படி ஓர் உதையில்தான் என் வயிற்றில் மூன்று மாதமாக இருந்தது கலைந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஐஸ் பெட்டி தூக்கியதில் இப்படி ஆகிவிட்டது என்றேன். அவன் வாசலில் நின்று சுருட்டுக் குடித்துக்கொண்டிருந்தான்.

சம்பளத்தை அவன் கையில்தான் கொடுப்பேன். கொடுக்காமல் அந்த வீட்டில் இருக்க முடியாது. ஆனால் இறால் அதிகம் வரும் மாதங்களில் கிடைக்கும் ஓவர்டைம் காசு அவனுக்குத் தெரியாது. அதைத் தவுக்கேயின் மனைவியிடம் கொடுத்து வைத்திருந்தேன்.

அந்தக் காசிலிருந்து கொஞ்சம் எடுத்து நான் முதலில் வாங்கியவை எல்லாம் மலிவானவை. டால்கம் பவுடர் பூசினேன். வியர்வையில் மாவாகி இறால் நாற்றத்தோடு சேர்ந்து புளித்தது. ஓடிகொலோன் பத்து நிமிடம் குளிர்ந்துவிட்டுப் பறந்துபோனது. மல்லிகை சென்ட் ஒன்று வாங்கினேன். இழவு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, பூவும் பிணமும் ஒன்றாக. டவுனில் முஸ்லிம் பெரியவர் ஒருவரின் கடையில் அம்பர் அத்தர் என்று குட்டிக் குப்பியில் கிடைத்தது. அது மற்றவற்றைவிடப் பரவாயில்லை. காலையில் நன்றாகத்தான் இருக்கும். மத்தியானத்துக்குள் சிக்குப் பிடித்த எண்ணெய் மாதிரி ஆகிவிடும். வீட்டில் சாம்பிராணி போட்டுத் தலையையும் கையையும் புகையில் காட்டிப் பார்த்தேன். சுட்ட இறால் நாற்றம் வந்தது.

கொட்டகையில் எனக்குப் பக்கத்து முக்காலியில் உட்காரும் அக்கா ஒருவர் இருந்தார். புக்கிட் பெலிம்பிங்கில் வீடு. புருஷன் இறந்துபோய்விட்டார், பிள்ளைகள் இல்லை. என் முகத்தில் வீக்கம் இருக்கும் நாட்களில் ஒன்றும் கேட்காமல் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கையில் கொடுப்பார். தீபாவளிக்குத் துணி எடுக்க அவரோடு கோலாலம்பூர் போனேன். ஒரு பெரிய பேரங்காடியில் கீழ்த்தளம் முழுக்கக் கண்ணாடி மேசைகள். அதில் ஒரு மேசைக்குப் பின்னால் நின்ற தமிழ்ப் பெண், “அக்கா, டிரை பண்ணிப் பாருங்க லா, காசு வேணாம்” என்று என் மணிக்கட்டைப் பிடித்து ஒன்றை அடித்துவிட்டாள்.

முகர்ந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. மருந்துக் கசப்பு. அதோடு பழத்தோலைக் கிள்ளிய மாதிரி ஒரு காரம். போத்தலின் அடியில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டேன். இருநூற்று நாற்பது வெள்ளி. என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அது மாறத் தொடங்கியது. கசப்பு போய், உள்ளேயிருந்து சாம்பிராணியும் சூடான பாலும் மரப்பிசினும் கலந்த மாதிரி ஒன்று எழும்பியது. இன்னும் கொஞ்ச நேரம் போனதும் ஆட்டுக் கொட்டிலின் சூடு மாதிரி, மிருக வாடை லேசாக. கையைத் திரும்பத் திரும்ப முகர்ந்தேன். இறால் நாற்றத்தைத் தேடினேன். அது அங்கேதான் இருந்தது. ஆனால் அந்த வாசம் அதன்மேல் படுத்து மறைக்கப் பார்க்கவில்லை. அதையும் உள்ளே இழுத்துக்கொண்டு தனக்கு ஒரு பங்காக்கிக்கொண்டது. அன்று பஸ்ஸில் ஒரு மலாய்க்காரப் பாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தார். இறங்கும் வரை எழுந்து போகவில்லை.

அதற்குப் பிறகு சும்மா சும்மா கோலாலம்பூர் போனேன். கடைப் பெண் அலுத்துக்கொள்ளவில்லை. “இதுவும் அம்பர்தான்க்கா. அம்பர்னா ஒரு பொருள் இல்ல. பிசின், சாம்பிராணி, வெனிலா எல்லாம் சேத்து செய்றது” என்றாள். “அப்ப இதுக்கு ஏன் இவ்ளோ வெல?” என்று கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “பாதி போத்தலுக்கும் பேருக்கும்தான் லா” என்று சிரித்தாள். அவள் உண்மையைச் சொன்னதால் மீதிப் பாதியையும் நம்பினேன். அவளிடம் கேட்டு ஒரு துணித் துண்டில் அடித்து வாங்கிக்கொண்டு போய், அதைச் சட்டைக்குள் செருகி ஒரு முழு நாள் இறால் உரித்தேன். சாயங்காலமும் இருந்தது. மறுநாள் துணி துவைத்த பிறகும் மடிப்பில் இருந்தது. அத்தர் மத்தியானத்தில் தோற்ற இடத்தில் இது நின்றது. பாதி விலை வீண். மீதிப் பாதிக்கு இது தகும். அப்படித்தான் நான் கணக்குத் தீர்த்துக்கொண்டேன். தவுக்கேயின் மனைவியிடமிருந்து காசை வாங்கிக்கொண்டு போய் வாங்கிவிட்டேன்.

தடித்த கண்ணாடிப் போத்தல். உள்ளே தேன் நிறத்தில் தண்ணீர். அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். வேலைக்குப் போகும்போது ஒரு அழுத்து, அவ்வளவுதான். சில வாரங்கள் எனக்கு நன்றாகவே போயின. பஸ்ஸில் உட்கார்ந்து போனேன். கொட்டகையில் அக்கா, “நீ வந்தா கோயிலு தொறந்த மாதிரி இருக்குடி” என்றார்.

ஒரு சாயங்காலம் நான் சோற்றை இறக்கிக்கொண்டிருந்தபோது என் கணவன் பின்னால் வந்து நின்றான். சம்சுச் சாராயம் குடித்திருந்தான். கழுத்தடியில் மூக்கை வைத்து இழுத்தான். ஒரு நிமிடம் அவனுக்கும் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

“எவன்டி வாங்கிக் குடுத்தான்?”

“நான்தாங்க வாங்குனேன்.”

சொல்லி முடிப்பதற்குள் என் தலை சுவரில் இடித்தது. பலகையில் ஆணி அடித்திருந்த இடம். காதுக்கு மேல் கிழிந்து சூடாக ஒழுகியது. சோற்றுப் பானை உருண்டு கஞ்சி என் காலில் கொட்டியது. அவன் வீட்டைக் கலைக்கத் தொடங்கினான். துணிகளை வாரி எறிந்தான், சாமி படத்தைக் கழற்றிப் பின்னால் பார்த்தான், கடைசியில் அரிசி டின்னைக் கவிழ்த்தான். போத்தல் அரிசிக்குள் கிடந்தது. அடியில் இருந்த விலையைப் படித்தான். அதைப் படித்த பிறகுதான் நிஜமான அடி ஆரம்பித்தது.

“இருநூத்தி நாப்பது வெள்ளி குடுத்து எவடி தண்ணி வாங்குவா? எந்தப் பைத்தியக்காரி வாங்குவா? சொல்லு, அந்தத் தவுக்கேயா?”

“பில்லு இருக்குங்க. காட்டுறேன்.”

“பில்லு எவன் வேணாலும் வாங்கலாம்!”

ரப்பர் குழாய் விழும்போது முதலில் சத்தம் வரும், பிறகுதான் வலி வரும். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன நேரத்தில் அடுத்த அடி எங்கே விழும் என்று கணக்குப் போடுவேன். அன்று கணக்குத் தப்பிக்கொண்டே இருந்தது. முதுகு, முழங்கை, காது, மறுபடி முதுகு. பக்கத்து வீட்டில் வானொலியைக் கூட்டி வைத்தார்கள். அவன் களைத்ததும் என் கூந்தலைக் கையில் சுற்றி லயத்து முன்பாதை வழியாக இழுத்துக்கொண்டு போனான். அவனுடைய அண்ணன் அதே தோட்டத்தில் மண்டோர், வேலையாட்களை மேய்க்கிறவர். லயத்தின் கடைசி வீடு அவருடையது.

மண்டோர் துண்டோடு வெளியே வந்து தம்பியின் கையைத் தட்டிவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஞாயித்துக்கெழம கோயில்ல பேசிக்கலாம். அது வரைக்கும் இந்தப் புள்ள எங்க வீட்ல இருக்கட்டும்” என்றார். அவருடைய மனைவி, என் ஓரகத்தி, மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து என் தலையில் அப்பினார். அவருடைய முன்னங்கையில் ஒரு பழைய எலும்பு முறிவு கோணலாகக் கூடியிருந்தது. அது எப்படி முறிந்தது என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் அரை நாள் வேலை. மண்டோர் வீட்டிலிருந்தே போனேன், அங்கிருந்து கை கழுவாமல் நேரே மாரியம்மன் கோயிலுக்கு வந்தேன். கூடத்தில் மண்டோர், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி, கோயில் பொருளாளர், இன்னும் சில ஆண்கள். பெண்கள் தூணுக்கு அப்பால் நின்றார்கள். நடுவில் ஒரு முக்காலியின் மேல் போத்தல்.

மண்டோர் தொண்டையைச் செருமினார். “விசயம் இதான். இந்தப் புள்ள தானே வாங்குனேங்குது. தம்பி, எவனோ குடுத்தாங்குறான். இது அந்த வெலைக்குத் தகுமுன்னா, சரி, பொம்பள ஆசப்பட்டு வாங்கிட்டான்னு விட்றலாம். தகாதுன்னா, எந்தப் பொம்பளயும் சொந்தக் காச இதுல போட மாட்டா.”

நான் யாரென்பதை அந்தப் போத்தல் சொல்லப்போகிறது.

போத்தல் கை மாறியது. பொருளாளர் உள்ளங்கையில் அடித்து முகர்ந்தார். “சாம்பிராணி வாசந்தானே? கடையில பொட்டலம் அம்பது காசு” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். இன்னொருவர் தும்மினார். ஒருவர் இருமல் மருந்து என்றார். கிராணி கைக்குட்டையில் அடித்து, கண்ணாடியைக் கழற்றி, நிதானமாக முகர்ந்தார். “சரக்கு நல்ல சரக்குதான். தொரை வீட்டுப் பக்கம் போனா இப்படி அடிக்கும். ஆனா...” என்று என்னைப் பார்த்தார். “எறா உரிக்கிறவளுக்கு இது எதுக்கு?”

“அதான் கேக்குறேன்!” என்று என் கணவன் தொடையைத் தட்டினான்.

நான் முன்னால் போனேன். கூப்பிடாமல் ஒரு பெண் அங்கே பேசுவது வழக்கமில்லை. “மாமா, ஆம்பளைங்க மோந்து பாத்தா போதாது. எனக்குத்தான வாங்குனேன், என் கையில மோந்து பாக்கணும்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.

போத்தலை எடுத்து வலது மணிக்கட்டில் மட்டும் அடித்துக்கொண்டேன். அது மருந்துக் கசப்பிலிருந்து இறங்கும்வரை காத்திருக்கச் சொன்னேன். ஆண்கள் முணுமுணுத்தார்கள், வெற்றிலை போட்டார்கள். பிறகு தூணருகே நின்ற ஓரகத்தியிடம் போய் இரண்டு கைகளையும் நீட்டினேன். அவர் முதலில் இடது கையை முகர்ந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலது கையை முகர்ந்தார். விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முகர்ந்தார்.

“எறா நாத்தம் எங்கடி போச்சு?”

“அங்கதான் இருக்குக்கா.”

“ஆமா இருக்கு... ஆனா நாத்தமா இல்லயே.”

மண்டோர் பொறுமையிழந்து, “வெலைக்குத் தகுமா தகாதா? அத மட்டும் சொல்லு” என்று மனைவியை அதட்டினார்.

ஓரகத்தி என் கையை விடாமல் அவரைப் பார்த்தார். “என் கையில காசு இருந்தா நானும் குடுத்திருப்பேன்” என்றார்.

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது. யாரோ ஒருத்தி, “இங்கயும் கொஞ்சம் காட்டு” என்றாள். ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவனைத் தொட்டிருக்க வேண்டும். என் கையிலிருந்த போத்தலைப் பிடுங்கி, பிடுங்கிய வேகத்திலேயே என் நெற்றியில் அடித்தான்.

கண்ணாடி உடையவில்லை. அவ்வளவு கனம். எலும்பில் மரத்தைத் தட்டியது போல ஒரு சத்தம் என் மண்டைக்குள்ளேயே கேட்டது. கால்கள் என்னை விட்டுப் போயின. தரையில் உட்கார்ந்திருந்தேன், இடது கண் முழுக்கச் சிவப்பு. இரண்டாவது அடிக்கு அவன் கை ஓங்கியபோது மண்டோர் எழுந்து அவனை அறைந்தார். எனக்காக இல்லை. “என் முன்னாலயே கை வைக்கிறியாடா? என் பேச்சுக்கு என்னடா மருவாத?” என்று சொல்லிச் சொல்லி அறைந்தார். தம்பி தலையால் முட்டினான். மண்டோரின் வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் வந்து கோலத்தின் மேல் விழுந்தது. பிறகு எல்லாரும் எல்லாரையும் அடித்தார்கள். பொருளாளருக்குப் பழைய பகை யாரோடோ இருந்திருக்கிறது. குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கிராணியின் கண்ணாடி மிதிபட்டது. ஒருவனை நாலு பேர் போட்டு மிதித்தார்கள். அவன் யார் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஓரகத்தி என்னைத் தூக்கி நிறுத்தினார். உருண்டு கிடந்த போத்தலை முந்தானையில் போட்டு முடிந்தார். “நட. திரும்பிப் பாக்காத” என்றார். செம்மண் பாதையில் நடந்து பெரிய சாலைக்கு வந்தோம். மணல் லோரி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டது. நெற்றியைத் தைத்த டிரசர் எப்படி ஆனது என்று கேட்டார். ஐஸ் பெட்டி என்று சொல்ல வாய் திறந்தேன். “புருசன் அடிச்சாரு” என்றேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை. “போலீசுல சொல்லும்மா, நான் எழுதித் தர்றேன்” என்றார்.

போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தேன். ஓரகத்தி கூடவே நின்றார். பிறகு போத்தலை என்னிடம் கொடுத்துவிட்டு அந்த வீட்டுக்கே திரும்பிப் போனார். அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள்.

தவுக்கேயின் மனைவி கொட்டகைக்கு மேலே சாமான் அறையில் எனக்கு ஒரு பாய் போட்டுக் கொடுத்தார். தையல் பிரிக்கும் முன்பே இறால் உரிக்க உட்கார்ந்துவிட்டேன். வாசத்தையும் பூசிக்கொண்டேன். அதை விட்டுவிட்டால் அவன் சொன்னது சரியென்று ஆகிவிடும் போலிருந்தது.

அவன் வந்தது ஒரு முற்பகலில். படகுகள் இறால் இறக்கிவிட்டுப் போயிருந்தன, ஆண்கள் யாரும் இல்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது பாராங் கத்தியோடு உள்ளே நின்றான். குலை வெட்டுகிறவர்கள் மட்டையைச் சீவ வைத்திருக்கும் நீளக் கத்தி. ஒன்றுமே பேசவில்லை. அடிக்க வரும்போதெல்லாம் கத்துகிறவன் அன்று வாய் திறக்காமல் வந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதல் வெட்டு மேசையில் விழுந்தது. தகரத்தைப் பிளந்து கட்டைக்குள் மாட்டிக்கொண்டது. இறாலும் ஐஸும் தெறித்தன. அவன் காலை மேசையில் ஊன்றிக் கத்தியைப் பிடுங்கும் நேரத்தில் நான் பின்பக்கம் ஓடினேன். ஓட்டுக் குப்பையில் வழுக்கி விழுந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவன் கை மேலே இருந்தது. நடுவில் பக்கத்து முக்காலி அக்கா. கையில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கேடயம் மாதிரி பிடித்திருந்தார். கத்தி கூடையை வெட்டி அவருடைய முன்னங்கையை வெட்டியது. வெள்ளையாக ஒன்று தெரிந்தது, பிறகு ரத்தம் மறைத்துவிட்டது. அக்கா கத்தவில்லை. “ஐயோ, என் கை” என்று மெதுவாக, ஆச்சரியப்படுகிற மாதிரி சொன்னார்.

அண்டா என் பின்னால் கொதித்துக்கொண்டிருந்தது. இறால் அள்ளும் நீளப் பிடி அகப்பை அதில் கிடந்தது. முக்கி எடுத்து அவன்மேல் வீசினேன். கழுத்திலும் வலது தோளிலும் விழுந்தது. அவன் குரல் மனிதக் குரலாக இல்லை. மறுபடி முக்கி எடுத்தேன், மறுபடி வீசினேன். கத்தி விழுந்தது. கொட்டகைப் பெண்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். ரப்பர் பூட்ஸ் காலால் மிதித்தார்கள், ஐஸ் உடைக்கும் கட்டையால் முழங்காலில் அடித்தார்கள். சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள், நாங்கள், எல்லாரும். தவுக்கேயின் மனைவி, “சூடா, சூடா, மாத்தி நந்தி!” என்று கத்திக்கொண்டே எங்களை இழுத்தார். போதும், செத்துவிடுவான் என்று. எனக்குக் காதில் விழுந்தது. ஆனாலும் கடைசியாகக் கையை நிறுத்தியவள் நான்தான்.

அக்காவின் கையை வெட்டியதற்கு அவனுக்குச் சிறை கிடைத்தது. என்னையும் விசாரித்தார்கள். மேசையில் இருந்த வெட்டையும் என் நெற்றித் தையலையும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தபின் அவனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, குலை வெட்ட முடியாமல் சுங்கை பஞ்சாங் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டான் என்று ஓரகத்தி சொல்லி அனுப்பினார். கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட்டேன்.

அதற்குள் நான் ரவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தேன். வெள்ளை அங்கி, தலைக்கு வலை, நாள் முழுக்கக் குளிர்சாதனம். கையில் எந்த வாடையும் ஏறாது. பழைய போத்தல் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. போனஸ் வந்ததும் கோலாலம்பூர் போய் அதே வாசத்தை மறுபடி வாங்கினேன். விலை இன்னும் ஏறியிருந்தது. யோசிக்கவே இல்லை.

முதல் நாளே ஏமாற்றம். குளிர்ந்த, சுத்தமான அறையில் அது வெறும் இனிப்பாக இருந்தது. பாகு மாதிரிக் கனத்துத் தொண்டையை அடைத்தது. பக்கத்தில் வேலை செய்த பெண் தலைவலிக்கிறது என்றாள். எனக்கும் வலித்தது. போத்தல் போலியோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். போலி இல்லை. உப்பும் வியர்வையும் ரத்தமும் இல்லாத தோலில் அந்த வாசத்துக்கு இழுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. சுத்தமான தோல் உள்ளவள் என்னைக் கேட்டிருந்தால், வாங்காதே, அத்தரே போதும் என்று சொல்லியிருப்பேன்.

அக்காவுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் இன்னும் அதே கொட்டகையில்தான் இருந்தார். வெட்டுப்பட்ட கையில் இரண்டு விரல் மடங்காது. மூன்று விரலால் உரிப்பார். ஒரு விடுமுறை நாளில் பஸ் பிடித்து என் அறைக்கு வந்திருந்தார். காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டுப் போத்தலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“உங்களுக்குத்தான்க்கா. வேலைக்குப் போறப்ப ஒரு தடவ அடிச்சிக்கிங்க.”

அவர் தொடவில்லை. காப்பியைக் கீழே வைத்தார். “வேணாம்டி.”

“ஏன்க்கா? கோயிலு தொறந்த மாதிரி இருக்குன்னீங்களே?”

“சொன்னேன். நல்ல வாசம்தான், நா இல்லன்னு சொல்லல.” மடங்காத விரல்களை மற்றக் கையால் நீவிக்கொண்டார். “அன்னைக்கு நீ பூசியிருந்தல்ல? நீ கீழ கெடக்குற, நா குனியிறேன், அப்ப அதான் மூக்குல ஏறுச்சு. அப்புறந்தான் வெட்டு. இப்ப இங்க வாசப்படி ஏறுறப்பவே கை விண்ணு விண்ணுனு தெறிக்குது. உனக்காகத்தான் சும்மா உக்காந்திருக்கேன்.”

நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். அவர் காப்பியைக் குடித்து முடித்தார். மீன் விலையைப் பற்றியும், தவுக்கேயின் மகன் கார் வாங்கியதைப் பற்றியும் பேசினார். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். அவருடைய நல்ல கைப் பக்கமாக நடந்தேன்.

அடுத்த வாரம் தொழிற்சாலையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு பெண் அந்தப் போத்தலைப் பார்த்துவிட்டு விற்பீர்களா என்று கேட்டாள். பாதி விலை சொன்னேன். மணிக்கட்டில் அடித்து, இரண்டு பக்கமும் தலையைச் சாய்த்து முகர்ந்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

“அக்கா, இது வொர்த்தா?” என்று கேட்டாள்.

“மொதல்ல ஒரு நாள் பூசிப் பாரு. வேர்க்க விடு. அப்புறம் வாங்கு” என்றேன்.

அவள் காத்திருக்கவில்லை. அப்போதே காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, போத்தலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.